நாளுக்குப் பத்துச் சுற்று

அன்பர்களே, இதனை எழுதக் காரணம், என் பிழை பிறரிடமும் பரவியதே. முழங்கால் நொந்தால் அசையாதிருங்கள் என்று சங்கரன்கோவிலில் பலருக்கு நானே அறிவுரை கூறினேன். அதனைத் திருத்துவது என் கடன்.

ஆடித்தபசுக் கொடி ஏறியதும் கோமதியம்மன் பிரகாரத்தை நூற்றெட்டு முறை வலம்வருவது எங்கள் ஊர் வழக்கம். ஆடிச்சுற்று என்போம். ஒற்றைக் காலில் தவம் நிற்கும் அன்னையின் கால்வலியை அடியார் பகிர்ந்து ஏற்பதாக நம்பிக்கை. ஆண்டு முழுதும் அமர்ந்து படித்துக்கொண்டிருந்த நான், சென்ற ஆண்டு ஆடியில் இரண்டே நாளில் நூற்றெட்டையும் முடிக்க முற்பட்டேன். எழுபதாம் சுற்றில் வலது முழங்கால் வீங்கியது. அவ்வலியைப் பேறென்று கருதி எவரிடமும் சொல்லவில்லை. எண்பத்து மூன்றில் கால் மடங்கியது. இருவர் தாங்கி வீட்டில் சேர்த்தனர்.

தேய்ந்த குருத்தெலும்பை ஓய்வு காக்கும் என எண்ணிப் பத்துத் திங்கள் அசையாதிருந்தேன். தொடை மெலிந்தது. எழுந்து நிற்கவும் பிறர் கை வேண்டியிருந்தது. இனி அந்தப் பிரகாரத்தை மிதிக்கப் போவதில்லை என்றே முடிவுசெய்தேன். ஒரு வைகறையில் கிடந்தவாறே வேண்டினேன்: தாயே, வலி இருக்கட்டும், நடையைக் கொடு.

அடுத்த வாரம் என் மனைவி செண்பகம் பொறுமை இழந்தாள்.

"அம்மை ஒத்தக் கால்ல நிக்கா. நீங்க ரெண்டு காலையும் ஸ்டூல்ல தூக்கி வச்சிருக்கீய."

அன்றே புளியங்குடி சாலையில் இருக்கும் இயன்முறை மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். இளம் வயதினர். குருத்தெலும்பில் குருதிக் குழாய்கள் இல்லை என்றும், நடக்கையில் அழுந்தியும் விடுபட்டும் மூட்டுநீரிலிருந்தே அது உணவு பெறுகிறது என்றும் விளக்கினார். என் சுற்றுக் கணக்கைக் கேட்டுச் சிரித்தார்.

"நடந்ததுல தப்பில்ல ஐயா. வருசம் பூரா உக்காந்துட்டு ரெண்டு நாள்ல நடந்தீய பாத்தீயளா, அதான் தப்பு. பெறவு ஒரேயடியா உக்காந்தது அதவிடத் தப்பு."

கைபிடியாமல் நாற்காலியிலிருந்து எழும் பயிற்சியும், காலை மாலை சிறுநடையும் விதித்தார். வலி மறுநாளும் நீடித்தால் நடையைக் குறைக்க வேண்டும், மறைக்கலாகாது என்றார்.

இவ்வாண்டு நாளுக்குப் பத்தாகச் சுற்றினேன். பதினோராம் நாள், தபசுக் காட்சிக்கு முன்பே, எஞ்சிய எட்டும் நிறைந்தன. தேய்ந்தது வளரவில்லை, வளரும் என மருத்துவரும் கூறவில்லை. நடை திரும்பியது. நான் கேட்டது அதுவே.

அன்னைக்கு என் நன்றி. நீங்களும் நம்பிக் கேளுங்கள். அவள் எவர் வாயால் விடை தரினும் அதன்படி நடங்கள். மருத்துவச் செய்திகளில் யான் பிழைபட எழுதியிருப்பின், அறிந்தோர் திருத்தியருள வேண்டுகிறேன்.