ஐந்தாம் வகுப்பு முடியும் வரை

தொண்ணூறுகளின் நடுவில் பேட்டையில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் லாரிப் பட்டறையில் மெக்கானிக். கல்யாணமான இரண்டாம் வருஷம் அடிக்க ஆரம்பித்தார். குழம்பில் உப்பு கூடினால் அடி, குழாயடியில் நேரமானால் அடி. மகள் ஐந்தாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதம் என் இடது கை எலும்பு முறிந்தது. அன்றைக்குத்தான் போய்விடுவது என்று தீர்மானித்தேன்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "பொம்பளப் புள்ளைய வச்சுக்கிட்டு எங்கன போவ? பொறுத்துக்கோ," என்றாள். கையைப் பார்க்க வந்த அக்காதான், "ஏளா, அம்பாசமுத்திரத்துக்கு வந்துரு. ஒங்க அத்தான்ட்ட நான் பேசிக்கிடுதேன்," என்றாள்.

மகளின் படிப்பு நிற்கக்கூடாது. கட்டுப்போட்ட கையோடு பள்ளிக்கூடத்தில் போய் டி.சி. கேட்டேன்.

"அவங்க அப்பா வந்து கையெழுத்துப் போடணுமேம்மா," என்றார் தலைமையாசிரியை. பிறகு என் கைக்கட்டைப் பார்த்தார். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இங்க அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான். பரீட்சை முடிஞ்சா எல்லாப் பிள்ளைகளுக்கும் டி.சி. குடுத்துருவோம். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. அதுவரைக்கும் இருந்துருவியா?"

இருந்துவிடுவேன் என்று சொன்னேன்.

தினமும் காலையில் வீட்டுக்குப் பின்னால் தென்காசி பாசஞ்சர் போகும்போது கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிடுவேன். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று அம்பாசமுத்திரம் வரை மனசு கூடவே போகும். அக்கா வீட்டுக்குப் பின்னால் வயலைத் தாண்டினால் ஆறு. குளித்துவிட்டு, தலை காயும்வரை படித்துறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கே போனாய் என்று யாரும் கேட்கக்கூடாது. எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

மகளிடம் எதையும் சொல்லவில்லை. ஒருநாள் தலை பின்னும்போது அவளாகவே, "எம்மா, நாம பெரியம்மா வீட்டுலயே இருந்துருவமா?" என்றாள். எங்கே வெளியில் சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில், "வாய மூடு," என்று அதட்டினேன். அழுதாள்.

கார்த்திகையில் அவர் சபரிமலைக்கு மாலை போட்டார். குடியில்லை. துணியைத் தானே துவைத்தார். என்னையும் 'சாமி' என்று கூப்பிட்டார். சாயங்காலம் மகளோடு உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார். இந்த மனுஷனோடு வாழத்தானே வந்தேன் என்று ஏங்கிப்போனேன். அக்காவுக்கு, 'அவசரப்பட வேண்டாம்' என்று ஒரு கார்டுகூட எழுதினேன். போடவில்லை. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய மூன்றாம் நாள், தட்டைத் தூக்கி என் முகத்தில் எறிந்தார்.

ஏப்ரலில் டி.சி. கிடைத்தது. அவர் பட்டறைக்குப் போன பிறகு, மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு பையோடு ரயில் ஏறினேன்.

ஒரு மாதம் கழித்து வந்தார். அத்தான் வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டார். ஜன்னல் வழியாக, தெருமுனை திரும்பும்வரை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் போகும் எண்ணம் துளியும் இல்லை. ஆனாலும் சாப்பிட்டாரா என்று கேட்க மனசு அடித்துக்கொண்டது. அதை அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.