அண்ணனுக்கு நான் கற்றுக்கொடுத்த 'ஃபைன்'

இந்த ஊரில் சுகம் விசாரிப்பவர்கள் நிற்பதே இல்லை. இங்கிலாந்தின் லெஸ்டரில் நான் வேலை செய்யும் கிடங்கில், முதல் வாரம், மேற்பார்வையாளர் லிண்டா "ஹவ் ஆர் யூ?" என்றாள். அக்கறையாகக் கேட்கிறாளே என்று முதுகுவலியில் தொடங்கி, கண்டியில் விட்டுவந்த அண்ணன் குடும்பம்வரை சொல்லப் போனேன். அவள் தலையாட்டியபடியே பின்பக்கமாக நடந்து கதவுக்கு வெளியே போய்விட்டாள். பக்கத்தில் பெட்டி அடுக்கிய யாழ்ப்பாணத்து நண்பர் சிரித்தார். "ஐசே, ஃபைன் எண்டு சொல்லிப்போட்டு வேலையைப் பாரும். நிண்டு கேக்க அவவுக்கு எங்க நேரம்?"

அட, இவ்வளவுதானா! எங்கள் பக்கம் "சொகமா?" என்று கேட்டவர் கையிலிருக்கும் பையைக் கீழே வைத்துவிடுவார். கண்டி பஸ் நிலையத்தில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டுக்கூடக் கேட்பார்கள். என் அண்ணனோ ஒரு தடிமன், தும்மலைப் பற்றியே அரைமணி நேரம் பேசுவார். அவருக்குக் கண்டிப் பக்கத்துக் கெலிஓயாவில் ஹார்ட்வெயார் கடையில் வேலை. அந்த ஞாயிறு வீடியோவில் லிண்டா கதையைச் சொன்னேன். வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு அதுவே எங்கள் வழக்கமாயிற்று. "எப்படிண்ணே?" "ஃபைன்டா, ஃபைன்!"

இரண்டு வருடம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போனேன். இன்ப அதிர்ச்சி கொடுக்கப் போகிறேனாம், நான்! அண்ணன் கதிரையில் உட்கார்ந்திருந்தார். கட்டியிருந்த சாரத்துக்குக் கீழே ஒரு கால்தான் தெரிந்தது. ஐயோ! கையிலிருந்த சாக்லேட் பை விழுந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. அடப்பாவி மனுசா, இத்தனை ஞாயிறும் முகத்தை மட்டுமா காட்டினீர்கள்?

"சீனி வருத்தம். கால்ல புண்ணு ஆறல. பேராதனை ஆஸ்பத்திரியில எடுத்துட்டாங்க. எட்டு மாசமாச்சு," என்றார் அண்ணி, தண்ணீரை நீட்டியபடி.

நான் கத்தினேன். "வாரா வாரம் கேட்டேனேண்ணே! ஃபைன்னுதானே சொன்னீங்க?"

அண்ணன் திகைத்துப்போய்ப் பார்த்தார். "நீதானேடா சொல்லிக்குடுத்த? கேக்கிறவனுக்கு வேல இருக்கும், புடிச்சு நிக்க வைக்கக் கூடாதுன்னு. நீயும் வேலக்கி ஓடுற ஆளுதானே."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் குத்திக்காட்டவில்லை. மெய்யாகவே அப்படி நம்பியிருந்தார்.

திரும்பி வந்தபின், "காலைக் காட்டுங்கண்ணே" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறேன். மிச்சமிருப்பதையாவது காப்பாற்ற வேண்டுமே. போனைத் தாழ்த்தி, பாதம், விரலிடுக்கு எல்லாம் காட்டுவார். போன ஞாயிறும் காட்டினார். புண் எதுவும் இல்லை. எனக்கு மூச்சு வந்தது.

"சரி, நீ எப்படிடா இருக்க?"

"ஃபைன்ணே," என்றேன். முதுகு பிடித்துக்கொண்டு, வேலைக்குப் போகாமல் படுத்திருக்கும் மூன்றாவது நாள் அது.

"போனக் கொஞ்சம் கீழ எறக்கு."

இறக்கினேன். இடுப்பைச் சுற்றிய பட்டியையும் கட்டிலோரத்து மருந்துப் போத்தல்களையும் அண்ணன் பார்த்தார். எங்கோ கிளம்பத்தான் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்திருந்தார் போலும். மறுபடி கதிரையில் உட்கார்ந்து, ஊன்றுகோலைக் கீழே வைத்தார்.

"ம், சொல்லு," என்றார்.