முன்னாடி வேலை

எங்கள் ஜீப்புக்கு முகத்தில் ஒவ்வொன்றாக முளைக்கத் தொடங்கிய மாதங்களில் எனக்கு முழங்கால் தேய்ந்துகொண்டிருந்தது. சிங்கப்பூரில், சாங்கி விமானச் சரக்குக் கூடத்தில் வேலை. பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளையும் கையிலிருக்கும் தாளையும் ஒத்துப் பார்த்து அனுப்ப வேண்டும். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். அதை எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே செய்ய வேண்டும், நானும் இருபது வருஷத்துக்கு மேல் நின்றாயிற்று. பாலிகிளினிக் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நிக்காதீங்க" என்றார். நிற்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே என்று அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். "இந்த வருஷத்தோட போதும்மா. எழுதிக் குடுத்துட்டு நின்னுக்க. என் சம்பளம் பத்தும்." அவர் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் ஃபோர்மேன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மீதி மாதங்களை ஓட்டினேன். நாலரைக்கு அலாரம் அடிக்கும்போதெல்லாம் இன்னும் இத்தனை வாரம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காலைக் கீழே வைப்பேன்.

அந்த நேரத்தில்தான் அவர் ஜீப்பைக் கொண்டுபோய் காக்கி புக்கிட்டில் ஒரு வொர்க்‌ஷாப்பில் விட்டார். பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி. ஒரு காலத்தில் கூட்டாளிகளோடு எல்லை தாண்டி ஜொகூருக்குப் போய் செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் புரட்டி எடுத்துவிட்டு வருவார். கூட்டாளிகளுக்குச் சர்க்கரையும் பிரஷரும் வந்த பிறகு அதெல்லாம் நின்றுபோனது. அப்புறம் அந்த வண்டி ஏறிய மேடு என்றால் எங்கள் செங்காங் கார்பார்க்கில் இருக்கும் வேகத்தடைதான்.

முன்னால் கொஞ்சம் துரு, அதை மட்டும் பார்க்கிறேன் என்றுதான் ஆரம்பித்தார். துரு பிடித்த பம்பரைக் கழற்றி இரும்புப் பம்பர் வைத்தார். பம்பர் வந்ததும் அதன் மேல் புல் பார் என்று ஒரு இரும்புக் கம்பித் தடுப்பு. மாடு குறுக்கே வந்து முட்டினால் வண்டிக்கு ஒன்றும் ஆகாதாம். "செங்காங்குல எந்த மாடு வந்து உங்கள முட்டப் போகுது?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு போனில் படத்தைக் காட்டினார். அடுத்த வாரம் இரண்டு பெரிய விளக்கு. அதற்கடுத்து கொக்கி, அடித்தகடு. கடைசியில் வின்ச். வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டால் எதிரே இருக்கும் மரத்தில் கம்பிவடத்தைக் கட்டிவிட வேண்டுமாம், அது சுற்றிச் சுற்றி வண்டியைத் தானாக வெளியே இழுத்துவிடுமாம்.

"காலையில என்னைக் கட்டில்லேர்ந்து இழுத்து விடுமா, கேட்டுச் சொல்லுங்க" என்றேன்.

சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை, அவ்வளவுதான். சண்டை போடவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. புது இரும்பு எதுவும் வாங்கவில்லை, எல்லாம் வொர்க்‌ஷாப்பில் கிடந்த பழசு என்று வேறு சொல்லியிருந்தார். மனுஷனுக்கு ஒரு ஆசை, வருஷக் கடைசியில் எனக்கு விடுதலை, இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கவனித்திருக்க வேண்டிய விஷயங்கள் இருந்தன. ஒருநாள் கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்து வந்தார். வெல்டிங் வெளிச்சம் அடித்துவிட்டது என்றார். ஃபோர்மேன் ஆனதிலிருந்து அவர் வெல்டிங் கோலைத் தொட்டே பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். முன்கையில் புள்ளிப் புள்ளியாகத் தீப்பொறி பட்ட தழும்பு. கேட்டதற்கு, "ஆள் பத்தல" என்று ஒற்றை வார்த்தை. நான் ஐஸைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன். அவருக்கு முன்னாலேயே நான் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவேன். இரண்டு பேருக்கும் சாப்பாடு கட்டி, அவருடையதை டேபிள் மேல் வைத்துவிட்டுப் போவேன். அவர் எந்தப் பஸ் ஏறுகிறார் என்று நான் எங்கே பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய வேலை விலகல் கடிதம் பையில் தயாராக இருந்தது. மேலதிகாரியிடம் வாயால் முன்பே சொல்லியிருந்தேன். என் வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்தார், நான் சோபாவில் கால் நீட்டி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். என் போன் அடித்தது. ஜீப்பைப் பார்க்கும் ஃபிட்டர். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், என் வயதை ஒட்டியவர்தான், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் ஊர்ப்பக்கம் வொர்க்‌ஷாப்பைப் பட்டறை என்பார்கள்.

"அக்கா, பட்டறையிலேர்ந்து பேசுறேன். அண்ணனுக்கு முன்னாடி வேலை முடிஞ்சிருச்சு. விளக்குக்கெல்லாம் வயர் இழுத்தாச்சு. அவரு போன் எடுக்கல, நீங்க சொல்லிருங்க."

சரி என்று வைத்தேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே ஹாலுக்கு வந்தார். நான் வெண்டைக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல், கேட்டதை அப்படியே சொன்னேன்.

"பட்டறையிலேர்ந்து கூப்பிட்டாங்க. உங்களுக்கு முன்னாடி வேலை முடிஞ்சிருச்சாமே."

எங்கள் வீட்டில் பட்டறை என்றால் துவாஸ் கப்பல் பட்டறைதான். ஜீப் நிற்கும் இடத்தை நாங்கள் வொர்க்‌ஷாப் என்றுதான் சொல்வோம். அந்த வித்தியாசம் என் வாயில் வரவில்லை. ஃபிட்டரின் வார்த்தை நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். துண்டு அவர் தலையிலேயே இருந்தது, கை அசையவில்லை. அப்படியே சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யாரு கூப்பிட்டது? ஆபீஸா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார். "மூணு மாசம் ஆச்சும்மா. எங்க செக்‌ஷன மொத்தமா மூடிட்டாங்க. அவங்க குடுத்த காசத்தான் சம்பளம் மாதிரி கொண்டாந்து தந்தேன். வேற எடம் கிடைச்சதும் சொல்லலாம்னு இருந்தேன். எங்க போனாலும் வயச கேக்குறாங்க. உன் லெட்டருக்கு முன்னாடியாவது சொல்லிடணும்னு தினம் நெனைப்பேன்."

கத்தியைக் கீழே வைத்தேன். "நான் ஜீப்பத்தான் சொன்னேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஜீப்பின் முன்பக்க வேலை என்று அவருக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வேலை போனதற்கு எனக்குக் கோபம் வரவில்லை. வேலை யாருக்கும் போகும். நான் நாலரை மணிக்கு எழுந்து கட்டிக் கொடுத்த மூன்று மாதச் சாப்பாட்டை எங்கே உட்கார்ந்து தின்றார் என்று நினைத்தபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டே விட்டேன். வொர்க்‌ஷாப்பில்தான் என்றார். தினம் காலையில் கிளம்பி அங்கே போய்விடுவாராம். சும்மா உட்கார்ந்திருந்தால் ஃபிட்டர் ஏதாவது கேட்பார் என்று பம்பரைத் தானே வெட்டி ஒட்டினாராம். அது முடிந்தால் அடுத்து என்ன செய்வது என்று புல் பாராம். அப்படியே வின்ச் வரைக்கும் வந்திருக்கிறது.

மறுநாள் வழக்கம்போல் தேக்கா மார்க்கெட்டுக்குக் கறிகாய் வாங்கப் போனோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஜேஜே என்று இருந்தது. லீவு நாள் என்று ஊரிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நின்று வீட்டுக்கு வீடியோ கால் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் முருங்கைக்காயைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து, "ஜீப்ப வித்துடலாம்லா" என்றார். நான் தலையாட்டினேன். கடிதத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அதைக் கொடுக்கவில்லை. மேலதிகாரி, "மனசு மாறிட்டீங்களா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். அவருக்கு ஆள் தேடும் வேலை மிச்சம். ஆமாம் என்றேன். அன்று முழுக்க நின்றதில் கால் வீங்கி, பஸ்ஸில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தேன். அழுகை வந்தது. பக்கத்து சீட்டில் ஒரு சீனக் கிழவி எனக்கு ஒரு டிஷ்யூவை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

செவ்வாய் எனக்கு ஓய்வு நாள். வீட்டுக்காரரோடு காக்கி புக்கிட்டுக்குப் போனேன். வேலை முடிந்த ஜீப்பை நேரில் பார்த்தது அன்றுதான். எனக்கு இரும்பு தெரியாது. ஆனாலும் அந்த ஒட்டு ஒவ்வொன்றும் ஒரே சீராக, முறுக்குப் பிழிந்தது போல இருந்தது. இந்தக் கையைத்தான் வயது கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் கோபம் முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய்.

வண்டியை விற்கப்போவதை ஃபிட்டரிடம் சொன்னோம். அவருக்குத்தான் வருத்தம். "அண்ணன் கையி சுத்தமான கையிக்கா" என்றார். அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, "ஆனா இதோட வித்தா இன்ஸ்பெக்‌ஷன்ல ஒத்துக்க மாட்டாங்க. முன்னாடி மாட்டுனது பூராவும் கழட்டி, பழைய பம்பரத் திரும்பப் போடணும். கவலைப்படாதீங்க, கட்டர் போட்டா அரை நாள் வேலை. மத்தியானத்துக்குள்ள முடிச்சிரலாம்" என்றார்.

அரை நாள் என்று கேட்டதும் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் புல் பாரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். மத்தியானத்துக்கு மேல் எங்கே போவது, நாளைக்குக் காலையில் எங்கே போவது என்றுதான் அவர் யோசித்துக்கொண்டிருப்பார். அது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

"கட்டர் வேணாம்" என்றேன் ஃபிட்டரிடம். "அவரே கழட்டட்டும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நானா? நான் ஒவ்வொரு நட்டா கழட்டுனா நாளாகுமேம்மா."

"ஆகட்டும்லா. மெதுவாவே கழட்டுங்க. நான்தான் வேலைக்குப் போறேன்ல."