பட்டைக் குவியலுக்கு அடியில்

தாலுகா கச்சேரியில் முப்பது வருஷம் பிறர் எழுதிய பொய்களைச் சரிபார்த்து மேலே அனுப்பியவன் நான். ஓய்வு பெற்றதும் சொந்தமாகச் சில பொய்கள் எழுதிப் பார்க்க ஆசை வந்தது. கதை எழுதலாம் என்று பொருள். நாற்காலியில் உட்கார்ந்தால் 'மேற்படி' என்ற சொல்லைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. நடந்தால் வந்தது. ஆகவே வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில், காலையில் நோட்டுப் புத்தகத்தோடு ஆம்பூரிலிருந்து பாலாற்றங்கரை வழியே நடப்பேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு.

கரைப் புறம்போக்கில் ஒரு குடிசை இருந்தது. அங்கே ஒருத்தி ஆவாரம் பட்டையை உரித்துக் காயவைத்துத் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு விற்று வந்தாள். வாசலை ஒட்டி ஆள் உயரத்துக்குப் பட்டைக் குவியல். பத்து நாளாகப் பார்க்கிறேன், ஒரு கைப்பிடிகூடக் குறையவில்லை. பட்டை கிடைக்கவில்லை என்று ஷாப்புக்காரர்கள் புலம்பும்போது இவள் ஏன் விற்காமல் வைத்திருக்கிறாள்? கழுத்தில் தாலி இருந்தது. புருஷன் என்று ஒருவன் கண்ணில் படவில்லை. கதை தானாக வந்துவிட்டது. அவனைக் கொன்று குவியலுக்கு அடியில் புதைத்துவிட்டாள். தோல் நாறும் ஊரில் இன்னொரு நாற்றம் யார் மூக்குக்குத் தெரியப்போகிறது? இந்த வரியை எழுதிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கதையானாலும் அளவு தவறக்கூடாது. புளியமரத்திலிருந்து வாசல்வரை அடிவைத்து அளந்தேன். வாசல் எந்தத் திசை, குவியலுக்கும் கரைக்கும் எவ்வளவு தூரம் எல்லாம் குறித்துக்கொண்டேன். பிணத்தை இழுத்துப் போக எவ்வளவு நேரமாகும் என்று தெரிய வேண்டாமா?

இதற்கிடையில் ஒருவன் என் பின்னால் வரத் தொடங்கினான். நான் நின்றால் அவனும் நின்று பீடி பற்றவைப்பான். திருடனோ? பென்ஷன்காரனிடம் திருட என்ன இருக்கிறது? கதர் உடுத்தியவர்கள் பின்னால் போலீஸ் ஆட்கள் சாதாரண வேஷ்டியில் அலைந்த காலம் அது. நான் உடுத்தியிருப்பது மில் துணிதானா என்று குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் புளியமரத்தடியில் அவள் என்னை மறித்தாள். பக்கத்தில் அந்தப் பீடிக்காரன்.

"இன்னா சாமி, தெனம் வந்து அளந்துகினு எழுதிக்கினு போறீங்க? குடிசைய எப்ப பிரிக்கப் போறீங்கோ?"

"நான் ஏம்மா பிரிக்கணும்?"

"கச்சேரி ஆளுதானே நீங்க? இவன் என் தம்பி. நாலு நாளா உங்க பின்னாலதான் வர்றான். குடிசைய பிரிக்கக்கூடாதுன்னு மனு எழுதியாச்சு. நாளைக்குக் குடுக்கப் போறோம்."

மனுவை வாங்கிப் படித்தேன். கச்சேரி வாசலில் மனு எழுதிப் பிழைக்கும் யாரோ ஒருவனின் கைவண்ணம். 'சர்க்கார் புறம்போக்கில் பன்னிரண்டு வருஷமாகக் குடிசை போட்டிருக்கும் ஏழை' என்று முதல் வரியிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு, சர்க்கார் கட்டண வில்லையும் ஒட்டியிருந்தான். அதுவரை அந்தக் குடிசை எந்தக் காகிதத்திலும் இல்லை. கிராமக் கணக்கு எழுதும் கர்ணமும் பார்த்தும் பாராமல் போய்க்கொண்டிருந்தார். மனுவுக்குப் பதிவேட்டில் நம்பர் விழுந்துவிட்டால் தாசில்தாரே நினைத்தாலும் பாராமல் இருக்க முடியாது. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வருவார். அவர் அளப்பது கதைக்காக இருக்காது. நோட்டீஸ் வரும். குடிசை போகும்.

"இதைக் குடுக்காதேம்மா. கிழிச்சுப் போடு" என்றேன்.

அவள் தம்பியைப் பார்த்தாள். "பாத்தியாடா? கிழிக்கச் சொல்றாரு. அப்ப நம்ப உசுரு இதுலதான் கீது."

முப்பது வருஷத்தில் ஒரு பைசா செலவில்லாமல் நான் ஒருவருக்குச் சொன்ன ஒரே நல்ல யோசனை அது.

"நோட்டுல இன்னா கீதுன்னு காட்டுங்க. இவன் மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சவன்."

காட்டாவிட்டால் மனு நாளைக்குப் போய்விடும். கொடுத்தேன். அவன் எழுத்தெழுத்தாகக் கூட்டி, உரக்கப் படித்தான். திடீரென்று நிறுத்தினான்.

"அக்கா, நீ மாமன வெட்டிட்டியாம்."

"இன்னாது?"

"வெட்டி, பட்டைக்கு அடியில பொதச்சி வச்சிகீறியாம்."

அவள் கையில் பட்டை உரிக்கும் கத்தி இருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

"அந்த மனுசன் வாணியம்பாடி ஷாப்புல தோல் ஊறுற சுண்ணாம்புக் குழியில நிக்கிறாரு சாமி! ஷாப்புக்கு வெள்ளிக்கெழம லீவு. அன்னிக்குத்தான் ஊட்டுக்கு வருவாரு. பட்டை ஏன் கெடக்குதுன்னு கேட்டா சொல்லமாட்டேனா? வண்டி மாடு நொண்டிக்கினு கீது!"

முதலாளிகள் சாயபுகள், ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஆம்பூரில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஞாயிற்றுக்கிழமை லீவிலேயே வாழ்ந்த எனக்குத்தான் தோன்றவில்லை.

தம்பி நோட்டை மூடினான். "இவரு கச்சேரிக்காக எழுதல அக்கா. கச்சேரியில எழுதுற பொய்யி பாக்கறதுக்கு நெசமாட்டம் இருக்கும்."

என் எழுத்துக்கு இன்றுவரை வந்த ஒரே விமர்சனம் இதுதான்.

அவளுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. "நீங்க உங்களுத கிழிங்க. நான் என்னுத கிழிக்கிறேன்."

"அளவு எழுதின பக்கத்தை மட்டும் கிழிச்சுடறேன்."

"கொலையயும் சேத்து."

நகல் இல்லாத காகிதத்தைக் கையை விட்டு விடாதே என்று குமாஸ்தாக்களை வாழ்நாளெல்லாம் விரட்டியவன் நான். என் கதைக்கு நகல் இல்லை. ஆனாலும் மனுவில் ஒட்டியிருந்த வில்லை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. யார் முதலில் கிழிப்பது என்று இருவரும் தயங்க, தம்பி ஒன்று, இரண்டு, மூன்று சொன்னான். இருவரும் கிழித்தோம். நான் கிழித்தவை எழுதின பக்கங்கள்தானா என்று அவள் தம்பியைப் பார்க்கச் சொன்னாள். வில்லை இரண்டாகி விட்டதா என்று நான் பார்த்துக்கொண்டேன். எல்லாம் அவள் அடுப்புக்குப் போயின.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலைத் தள்ளிவைத்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போனேன். குடிசை இருந்தது. குவியலுக்குமேல் சுண்ணாம்பில் வெந்த கால்களை வெயிலில் நீட்டிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டான்.

"சாமிதானா என்னப் பொதச்சது?"

நோட்டு இல்லை என்பதற்கு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். அவன் சிரித்தான். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அவள் மட்டும் சிரிக்காமல், பேனா செருகியிருந்த என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.