நாலு நாள் வழிக்கு ஒரு பம்பு

சைக்கிளில் ஊர் ஊராகப் போய் மூக்குப்பொடி விற்கிறவனுக்கு இரண்டு முதலாளிகள்: ஒருவர் செவ்வாய்ப்பேட்டைக் கடையில் உட்கார்ந்திருப்பார், மற்றவர் பின்சக்கரத்து டியூபுக்குள் இருப்பார், எவர் எப்போது சீறுவார் என்று சொல்ல முடியாது.

சேலத்தில் கிளம்பி, ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு என்று சுற்றிக்கொண்டு நாலாம் நாள் திரும்புவது என் வழி. பாதையெல்லாம் நெருஞ்சி முள். உலகச் சண்டைக் காலம் வேறு. புது டியூப் கண்ணில் படாது, ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். இந்தப் பாடு பட்டவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். மோட்டாரில் போகிறவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

சந்தை கூடுவதற்குள் பொடி டப்பா கடைக்காரர்கள் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊர் மூக்கெல்லாம் வேறு கம்பெனிக்குப் போய்விடும். நான் இரண்டு சந்தைக்குப் பிந்திவிட்டேன். இரண்டு தடவையும் டயர்தான் காரணம். முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இனி ஒரு சந்தை தவறினால் வழி அவருடைய மச்சினன் பொன்னுசாமிக்கு. அவர் பஸ்ஸில் போவாராம். ஆக, எனக்கு அவசரமாக ஒரு நல்ல பம்பு வேண்டியிருந்தது.

வெள்ளைப் பம்பு

முதலில் வாங்கியது செல்லுலாய்டுப் பம்பு. வெள்ளை வெளேரென்று இருக்கும். கையில் எடுத்தால் எடையே தெரியாது. சட்டத்தில் மாட்டியதும் என் பழைய சைக்கிளுக்கே ஒரு களை வந்துவிட்டது.

புதுச்சத்திரம் தாண்டி டயர் இறங்கியது. உச்சி வெயில். பம்பைக் கழற்றிப் பக்கத்துப் பாறைமேல் வைத்துவிட்டு, முள்ளைத் தேடிப் பிடுங்கி, ஒட்டுப் போட்டுத் திரும்பிப் பார்த்தால், பம்பு புடலங்காய் மாதிரி வளைந்து கிடக்கிறது! மெல்ல நிமிர்த்தினேன். இந்தப் பக்கம் நிமிர்ந்தால் அந்தப் பக்கம் வளைந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நான் படுகிற பாட்டை வெகு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பொறுக்க மாட்டாமல் கேட்டாள்: “ஏனுங்க தம்பி, பிஞ்சுலயே கல்லுக் கட்டி உட்டிருந்தா நேரா வந்திருக்குமில்லீங்களா?”

பெரிய பம்பு

அடுத்தது அதற்கு நேர் எதிர். அடிப்பாகத்தைக் காலால் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் அடிப்பார்களே, அந்தப் பித்தளைப் பம்பு. இரண்டு முழ நீளம். நுனியில் ரப்பர் குழாய். அதைக் குறுக்குக் கம்பியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஒரு நெசவாளர் தெருவுக்குள் நுழைந்தேன். முந்தின வாரம்தான் அங்கே பிளேக் ஊசி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கை வீங்கிப் பாதித் தெரு படுத்து எழுந்திருக்கிறது. எனக்கு அது எங்கே தெரியும்?

சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுப் பம்பை அவிழ்த்தேன். தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. “மூக்குப்பொடிங்க!” என்று ஒரு கத்துக் கத்தியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். எனக்கோ சத்தமாகப் பேச வராது. “ஒண்ணும் பயப்படாதீங்க” என்று ஒவ்வொரு வாசலிலும் மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனேன். ஊசி போட வந்தவரும் அதையேதான் சொன்னாராம்! கடைக்கோடி வீட்டில் மட்டும் ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தது. உள்ளேயிருந்து ஒரு பெரியவர் கேட்டார்: “அந்த ஊசி மனுசருக்குங்களா, ஆனைக்குங்களா?”

சுழி

இனி நானாக வாங்குவதில்லை என்று தீர்மானித்தேன். வெண்ணந்தூர்ப் பக்கம் செங்கோடக் கவுண்டர் என்று ஒரு விவசாயி; நம் பொடிக்குப் பழைய சிநேகிதர். சுழி பார்த்து மாடு பிடிப்பதில் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. என் கதையைக் கேட்டுவிட்டு, “பம்பு புடிக்க நானும் வாரேன் சாமி” என்று சேலத்துக்கே வந்துவிட்டார்.

சைக்கிள் கடையில் மூன்று பம்புகளை எடுத்து வைத்தார்கள். கவுண்டர் ஒவ்வொன்றையும் முதுகோடு தடவினார். பம்பின் வாயில் கட்டைவிரலை வைத்து மூச்சுப் பார்த்தார். “இது எளைக்குது” என்று ஒன்றைத் தள்ளினார். இரண்டாவது சீமைப் பம்பு. உள்ளே புதுத் தோல் வாஷர், காற்று குபீரென்று வந்தது. நான் மனசுக்குள் அதையே எடுத்துக்கொண்டுவிட்டேன். அதன் கைப்பிடியில் பூவேலைப்பாடாக ஒரு சுருள் வரைந்திருந்தது. கவுண்டர் அதைப் பார்த்தாரோ இல்லையோ, சூடு பட்டவர் போலக் கையை எடுத்துவிட்டார். “பாடைச் சுழி! ஊட்டுக்கே ஆகாது. மேல ஆவுற கதையைப் பாருங்க.”

நான் கெஞ்சினேன். கடைக்காரர் அது கம்பெனி முத்திரை என்றார். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் சுழி, சுருள் எதுவுமில்லாத, கறுத்துக் குட்டையான மூன்றாவது இரும்புப் பம்பு என் கைக்கு வந்தது. கடைக்காரர் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: “லாடம் அடிச்சுத் தரட்டுங்களா, இல்லே இப்படியே ஓட்டிக்கிட்டுப் போறீங்களா?”

இரவல்

குட்டைக் கறுப்பன் உழைப்பாளி, பொய் சொல்லக்கூடாது. ஆனால் வழியில் ஒருவர் பம்பு கேட்டால் இல்லையென்று சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. தண்ணீர் கேட்ட மாதிரிதான் அது. நாமக்கல் போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் பந்துக்குக் காற்றடிக்கக் கேட்டார், கொடுத்தேன். பந்தில் ஓட்டை. பையன்கள் ஆடுவதும் ஓடி வந்து காற்றடிப்பதுமாகவே இருந்தார்கள். பொழுது சாய்வதைக் காட்டி நான் மெல்ல இருமினேன். வாத்தியார் என் தோளில் கை வைத்தார்: “கொஞ்சம் இருங்க தம்பி, பந்து எறங்கிட்டா எங்க பக்கம் ஜெயிக்கிறது நின்னு போயிரும்!”

கரி பஸ்

பொன்னுசாமி வழியைக் கேட்டுக்கொண்டே இருந்ததால், ஆடி மாதத்தில் முதலாளி இதற்கு ஒரு முடிவு கட்டினார். எனக்கும் பொன்னுசாமிக்கும் ஆளுக்கொரு பெட்டிப் பொடி. ராசிபுரம் சந்தைக்கு எவர் முதலில் போய்ச் சேருகிறாரோ, வழி அவருக்கு.

நான் விடிவதற்கு முன்பே கிளம்பினேன். காற்று சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருந்தது. மல்லூரில் பஸ் என்னைத் தாண்டிப் போயிற்று. ஜன்னலில் பொன்னுசாமி, வெளுத்த மல்லு வேட்டி, கையை ஆட்டினார். சரி, நம் பிழைப்பு போயிற்று என்று மிதித்துக்கொண்டே போனால், அடுத்த மேட்டில் அதே பஸ் நிற்கிறது.

பெட்ரோல் கிடைக்காத காலமல்லவா? பஸ்ஸுக்குப் பின்னால் அடுப்பைக் கட்டி, கரிப் புகையில் ஓட்டினார்கள். அந்த அடுப்பு அணைந்துவிட்டது. ஊதுகிற சக்கரத்தின் கைப்பிடியும் உடைந்துவிட்டது. துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக மிதித்தேன். தாண்டிவிட்டால் வழி எனக்கு. டிரைவர் கண் என் சைக்கிள் சட்டத்தில் விழுந்தது. “தம்பி, அந்தப் பம்பைக் கொஞ்சம் குடுங்க, அடுப்பை ஊதிக்கறோம்.”

பஸ்ஸுக்குள் சந்தைக்குப் போகிற வெண்ணெய்க்காரப் பெண்கள். வெயில் ஏற ஏற, வெண்ணெய் உருகுகிறதே என்று சட்டி ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்னுசாமியும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் என்ன செய்யப்போகிறேன் என்று. இறங்கிப் பம்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

ஆள் மாற்றி ஆள் அடித்தார்கள். பொன்னுசாமி மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. ஒரு வெண்ணெய்க்காரம்மா விடவில்லை. “ஏனுங்க மல்லு வேட்டி, நீங்க மட்டும் மாப்பிள்ளையா?” அவரும் இறங்கினார். அவர் முறை வந்தபோதுதானா சாம்பல் எல்லாம் ஒன்றாகக் கிளம்பவேண்டும்! வேட்டி கறுத்தது, முகம் அதைவிட. ஆனால் நெருப்புப் பிடித்துக்கொண்டது. பம்பின் தோல் வாஷர் அப்பளமாய்ப் பொரிந்துவிட்டது.

டிரைவர் என் சைக்கிளைக் கூரைமேல் ஏற்றி, என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். ராசிபுரத்துக்குள் நுழைகிற மேட்டில் வண்டி முனகிற்று. எல்லாரையும் இறங்கித் தள்ளச் சொன்னார். நானும் எழுந்தேன். “நீங்க உக்காருங்க, பம்புக்காரர் எறங்கப்படாது” என்று அமுக்கிவிட்டார். ஆக, சந்தை வாசலில் பஸ் நின்றபோது நான் முன்னால் இருந்து இறங்கினேன். பொன்னுசாமி பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மறுநாள் முதலாளி, யார் முதலில் என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் பொன்னுசாமியே சொன்னார்: “பஸ்ஸுல போனா நானே ஊதோணும், நானே தள்ளோணுமுங்க மாமா, சைக்கிள்ல போறவன்தான் சொகமா உக்காந்துட்டுப் போறான், அந்த வழி அவனுக்கே இருக்கட்டும்!”

ஆகையால், நெடுவழி மிதிக்கும் என் சக துன்பக்காரர்களே, பம்பு வாங்கும்போது உங்கள் இரண்டு டயரை மட்டும் நினைத்துக்கொண்டு வாங்கிவிடாமல், வழியில் எதிர்ப்படப் போகிறவர்களின் பந்து, அடுப்பு, பஸ் எல்லாவற்றையும் கணக்கில் வைத்து, மறக்காமல் உபரியாக ஒரு வாஷரும் வாங்கிக்கொள்ளுங்கள்.