‘இல்லை’ என்று சொன்ன வீடுகள்

அச்சங்குளத்தில் வெள்ளைத்தாய் வீட்டுக்கு ஆய்வுக்காக இரண்டாவது முறை போயிருந்தோம். நாகஜோதி அக்கா கேள்வி கேட்பார். பதில்களை ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலை. வெள்ளைத்தாய் அப்போதுதான் பட்டாசு ஆலையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார்.

“அத்தே, ஒங்க நாத்தனாருக்கு மார்ல கட்டி இருந்துச்சாமே. போன தடவ கேட்டப்ப இல்லைன்னு சொன்னீக?” என்றார் அக்கா.

“மெல்லப் பேசு தாயி. சுவருக்கு அங்கிட்டு சம்பந்தியாகப் போறவ இருக்கா. அன்னைக்கு நீ வாசல்ல நின்னு, புத்து நோய் இருக்கான்னு ஊருக்கே கேக்குற மாதிரி கேட்ட. எம்மகளக் கட்டிக் குடுக்க வேண்டாமா?”

“நாங்க பேரு எதுவும் எழுதலையே அத்தே.”

“பேரு எதுக்கு? அவளுக்குக் காது இருக்குல்ல.”

அக்கா சிரிக்கப் பார்த்தார். “அப்ப மத்த வீட்டுலயும் இப்படித்தானா?”

“மத்த வீடு என்ன, ஒங்கம்மாவே இல்லைன்னுதான சொன்னா. ஒம் பெரியம்மா எதுல போனான்னு நினைச்ச?”

காப்பி போட வெள்ளைத்தாய் உள்ளே போனார்.

பெரியம்மா இறந்தபோது அக்கா ஜெர்மனியில் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். வயிற்றுப்புண் என்றுதான் போனில் சொன்னார்கள். அக்காவும் நம்பினார்.

நாகஜோதி அக்கா இதே ஊரில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பட்டாசு வேலைக்குப் போனவர்கள். விருதுநகரில் கல்லூரி, சென்னையில் முனைவர் பட்டம், பிறகு வெளிநாடு. புற்றுநோய்ச் செல்களைப் பற்றி அவர் எழுதிய முதல் கட்டுரைகளை அதிகம் பேர் படிக்கவில்லை. திரும்பி வந்து, பட்டாசு ஊர்களில் வீடு வீடாகக் கேட்டு எழுதிய கட்டுரைதான் பேர் வாங்கியது. இந்த ஊர்களில் புற்றுநோய் அதிகமில்லை என்பது அதன் முடிவு. அது வெளியான அன்று, நம்ம சனம் தப்பிச்சிட்டாங்க என்று சொல்லி எனக்குச் சீரணி மிட்டாய் வாங்கித் தந்தார்.

பல நாட்டு ஆய்வாளர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். அக்காவுக்குப் பதவி உயர்ந்தது. பிறகு, சாத்தூர்ப் பக்கம் ஒரு புற்றுநோய்ப் பரிசோதனை மையம் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். தேவையில்லை என்று அரசிடமிருந்து பதில் வந்தது. காரணமாகக் காட்டியிருந்தது அக்காவின் கட்டுரையை. அதைப் படித்த பிறகுதான் மறுபடியும் இந்த வீடுகளுக்கு வந்தோம்.

கட்டுரை தவறு என்று, அதை வெளியிட்ட ஆய்விதழுக்கு அக்கா எழுதினார். ஆதாரம் கேட்டார்கள். இந்தத் தடவை பெண்களைத் தனியாகக் கூப்பிட்டு, தண்ணீர்க் குழாயடியிலும் பஸ் நிறுத்தத்திலும் பேசினார். சொன்னார்கள். சிலர் அழவும் செய்தார்கள். எழுதிக்கொள்ளலாமா, ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டுகிறீர்களா என்றால் மட்டும் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்கள். அக்காவின் அம்மாவும், “ஒந் தம்பிக்கு முதல்ல ஒரு பொண்ணு பாரு, பெறகு பேசுவோம்” என்றுவிட்டார்.

யாரையும் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அவர்களுடைய பயம் பொய்யல்ல.

இதழ்க்காரர்கள் கட்டுரையின் அடியில், முடிவில் சந்தேகம் உண்டு என்று ஒரு சிறு எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்தார்கள். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. மேற்கோள்கள் ஏறிக்கொண்டே போயின. அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரை என்று அக்காவின் நிறுவனம் விழா வைத்துச் சால்வை போர்த்தியது. வேண்டாம் என்று அவர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தில் அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

என் அம்மாவும் பட்டாசு ஆலையில் பேக்கிங் வேலை பார்த்தவர். மதுரையில் அவருக்கு ஒரு பக்க மார்பை எடுத்தார்கள். சொந்தக்காரர்களிடம் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறோம். புண் ஆறாதபோது யாரைப் பார்க்கலாம் என்று நான் அக்காவிடம்தான் கேட்டேன். அதனால் அவருக்கு மட்டும் தெரியும். என் தங்கை ஓவியாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

விழா முடிந்த வாரம், சாத்தூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, முன்சீட்டில் இருப்பவர்களைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

“ஓவியா கல்யாணம் முடியட்டும். அதுக்கு முன்னால வேண்டாம். முடிஞ்ச பெறகு, எழுதிக்கலாமான்னு ஒங்கம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கியா? ஒரு வீடு ஆமான்னு சொன்னாக்கூட, அதச் சொல்லி அடுத்த வீட்டுல கேப்பேன்.”