சாமித் தட்டில் இரண்டு சிவப்பு வெளிச்சம்

2013ஆம் ஆண்டின் குளிர்காலம். மெல்பேர்ணில், டண்டினொங் ரயில் நிலையத்திலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம் போனால் நாங்கள் மூன்று பேர் வாடகைக்கு இருந்த வீடு வரும். அங்கே ஒரு வெள்ளிக்கிழமை நடந்ததைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் ஏதோ ஓரிடத்தில் எனக்கே குழம்பிவிடும்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. சிகரெட்டை விட்டுவிட வேண்டும் என்று சந்தையில் ஒரு மின்சிகரெட் வாங்கியிருந்தேன். பேனை மாதிரி இருக்கும். அதன் அடிப்பாதிதான் பற்றறி. கழற்றிச் சார்ஜரில் திருகினால் சிவப்பு எரியும், நிறைந்ததும் பச்சையாகும். கூட வந்த சார்ஜரை எங்கேயோ தொலைத்துவிட்டு, வேறொரு கடையில் கிடைத்ததைத் திருகிப் பார்த்தேன். பொருந்தியது. பொருந்துவதெல்லாம் சரியானது என்று நம்புகிற ஆள் நான். அதனாலேயே வேறு விடயங்களிலும் அகப்பட்டிருக்கிறேன்.

ஹோலில் பிளக் இருந்தது சுவரில் அடித்திருந்த சாமித் தட்டுக்குப் பக்கத்தில் மட்டும்தான். அதனால் எங்கள் ரெலிபோன்கள் எல்லாம் முருகனுக்கு முன்னால்தான் படுத்துக் கிடக்கும். படத்துக்குக் கீழே, அண்ணை என்று நாங்கள் கூப்பிடுகிற வீட்டுக்காரர் ஒருவரின் ஃபைல். அண்ணை என்னைவிடப் பத்து வயது மூத்தவர், படகில் அகதியாக வந்தவர். திங்கட்கிழமை அவருக்கு விசா நேர்முகம். ஊரிலிருந்து மூன்று பேரின் கைமாறி வந்த பிறப்புச் சான்றிதழும் பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டும் அந்த ஃபைலுக்குள் இருந்தன. இன்னொரு பிரதி எங்குமே இல்லை.

எங்கள் வீட்டில் இன்னொரு பழக்கமும் இருந்தது. முன்பொரு தடவை தேவாரத்தின் நடுவில் புகை அலாரம் அலறி, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண் ஓடி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு விளக்குக்குப் பதில் சின்னச் சிவப்பு பல்ப். ஆனால் ஊதுபத்தி இல்லாமல் வெள்ளிக்கிழமையா? குளிக்கும்போது தலைக்குப் போடுகிற பிளாஸ்டிக் உறையை அலாரத்துக்கு மாட்டிவிடுவோம். அது மூன்றாமவரின் வேலை. ஊரில் லொறி ஓட்டியவர். கதிரையில் ஏறி நின்று, "அலாரத்துக்குத் தொப்பி போட்டாச்சு, இனிச் சாமி மூச்சு விடலாம்" என்பார்.

அந்த வெள்ளிக்கிழமை விடிய, சாமித் தட்டில் பற்றறியைச் சார்ஜரில் திருகிவிட்டு வேலைக்குப் போனேன். பின்னேரம் திரும்பினால் இன்னும் சிவப்பு. தொட்டுப் பார்த்தேன், சூடு. அந்தக் குளிருக்கு விரலுக்கு இதமாகக்கூட இருந்தது. பன்னிரண்டு மணி நேரமாகியும் நிறையவில்லையா, அல்லது நிறைந்தும் சொல்லத் தெரியவில்லையா? பாவம், இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும் என்று குளிக்கப் போய்விட்டேன்.

தலை துவட்டிக்கொண்டு வந்தபோது அண்ணை கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். லொறிக்காரர் மூக்கைச் சுளித்து, இந்த ஊதுபத்தியை எந்தக் கடையில் வாங்கினது என்று என்னிடம் கேட்டார். பெயின்ற் எரிகிற மணம். பார்த்தேன். புகை இரண்டு இடத்திலிருந்து எழுந்தது. ஒன்று மெலிந்து நேராக, மற்றது தடித்துச் சுருண்டு. சிவப்பு வெளிச்சம் ஒன்றுதான் தெரிந்தது. அது சாமியுடையதா, என்னுடையதா? விளங்கவில்லை. நின்றேன். வெறுமனே நின்றேன்.

சீறல் கேட்டது. தட்டில் விரித்திருந்த பட்டுத்துணியில் தீ. கண்ணைத் திறந்த அண்ணை, ஃபைலின் விளிம்பில் கிடந்த பற்றறியை வெறுங்கையால் பிடுங்கிக் குசினி வழியாக ஓடி, பின்கதவுக்கு வெளியே ஈரச் சீமெந்தில் எறிந்தார். லொறிக்காரர் சுவிட்சை அணைத்து, என் தோளிலிருந்த ஈரத் துவாயை இழுத்துத் தட்டை மூடினார். மேலே தொப்பி போட்ட அலாரம் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

சான்றிதழின் ஓரம் பழுப்பாகிப் போனது, எழுத்துக்குச் சேதமில்லை. அண்ணையின் உள்ளங்கை கொப்புளமாகப் பொங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் என்னை ஒரு சொல்கூட ஏசவில்லை. கடதாசி பத்திரமா என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை கட்டுப்போட்ட கையோடு போய்வந்தார். எப்படி நடந்தது என்று கேட்டேன்.

"கையைக் காட்டி, இதுவும் அங்க, ஊரில நடந்ததோ எண்டு அவை கேட்டவை. இல்லை, இது இஞ்ச, வீட்டில நடந்தது எண்டனான்."

ஃபைலைப் படத்துக்குக் கீழே திரும்ப வைத்துவிட்டு, "வேற என்னத்தைச் சொல்லுறது" என்றார். அது ஆறுதலா, மனத்தாங்கலா என்று எனக்குத் தெரியவில்லை.

பிழை சார்ஜரிலா, பற்றறியிலா, முன்பொருநாள் நான் அதைக் கீழே போட்டதிலா? அதுவும் தெரியாது. அன்றே அலாரத்தின் தொப்பியைக் கழற்றினோம். இப்போது புதுப் பற்றறியை அதற்கென்றே உள்ள சார்ஜரில் திருகி, வெறும் ரைல்ஸ் தரையில் வைத்து, பச்சை வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். தொட்டுப் பார்த்துச் சூடென்றால் உடனே கழற்றிவிடுவேன். அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் 'இதுவும்' என்ற சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அவர் உடம்பில் ஏற்கெனவே எத்தனை காயம் இருந்தது என்று நான் கேட்டதே இல்லை. பாதுகாப்பு என்று நம்பி அவர் வந்து சேர்ந்த வீட்டில் கடைசிக் காயம் என்னால் வந்தது என்பது மட்டும் எனக்குக் குழப்பமில்லாமல் தெரியும்.